ஹாலில் ஓடிய ஓடை

விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்த மூன்றாவது மாதம் எனக்கு ரத்த அழுத்தம் ஏறியது. அரசு அச்சகத்தில் பிழை திருத்தும் பிரிவில் முப்பது வருஷம் வேலை பார்த்தவள் நான். அத்தனை வருஷமும் மற்றவர்களுக்கு அழுத்தத்தை ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தேன். ஆகவே என் முறை வந்ததில் அநியாயம் எதுவும் இல்லை.

கொல்கத்தாவில், டாலிகஞ்சில், எங்கள் குடியிருப்புக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு டாக்டர் இருக்கிறார். கையில் பட்டையைக் கட்டிக் காற்றடித்துப் பார்த்துவிட்டு, "பாட்டு கேட்பீங்களா தீதி?" என்று பெங்காலியில் கேட்டார். தீதி என்றால் அக்கா.

"நியூஸ் கேட்பேன்."

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அதை இன்னைக்கே நிறுத்துங்க. வார்த்தையே இல்லாத சங்கீதமா கேளுங்க. நியூ ஏஜ்னு சொல்வாங்க. மனசு அப்படியே தண்ணி மாதிரி ஆயிடும்." மருந்துச் சீட்டில் இரண்டு மாத்திரைகளின் பெயருக்குக் கீழே மூன்றாவதாக, 'இசை, அரை மணி நேரம், சாப்பாட்டுக்குப் பின்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

வீட்டில் சீட்டைத் தங்கையிடம் காட்டினேன். அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நாங்கள் இருவரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா அம்மா காலத்துக்குப் பிறகு அந்த இரண்டாம் மாடி ஃப்ளாட்டில் நாங்கள்தான்.

"வார்த்தை இல்லாத சங்கீதமா? அதுக்கு மிக்ஸி போட்டாப் போறாதா?" என்றாள்.

ஸ்டீரியோ வீட்டிலேயே இருந்தது. தம்பி கனடாவுக்குக் குடிபோகும்போது எங்களிடம் விட்டுவிட்டுப் போனது. ஒரு ஆம்ப்ளிஃபையர், ஒரு சிடி பிளேயர், இடுப்பு உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர்கள். அவன் போன நாளிலிருந்து வலது ஸ்பீக்கர் மேல் மணி பிளான்ட் தொட்டியும் இடதின் மேல் பழைய பேப்பர் கட்டும் இருந்தன. அவை ஸ்பீக்கர்கள் என்பதையே நாங்கள் கிட்டத்தட்ட மறந்து போயிருந்தோம். வீடியோ அழைப்பில் அவனிடம் எப்படிப் பொருத்துவது என்று கேட்டேன்.

"அக்கா, ஸ்பீக்கர் மேல செடியா? தண்ணி ஊத்தறேளா?"

"தினம் ஊத்தறதில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள்தான்."

திரையில் அவன் முகம் அப்படியே நின்றது. கனடாவில் குளிர் அதிகம், அதனால் படம் உறைந்துவிட்டதோ என்று நினைத்தேன். பிறகு தழுதழுத்த குரலில் வழிமுறை சொன்னான். ஸ்பீக்கர்கள் சுவரிலிருந்து இரண்டடி தள்ளி இருக்க வேண்டும். இரண்டும் கேட்பவரும் சேர்ந்து ஒரு சமபக்க முக்கோணம். கேட்பவரின் காது முக்கோணத்தின் மூன்றாவது முனையில். அங்கே நாற்காலியைப் போட்டால் அது சரியாகச் சமையலறைக்குப் போகும் வழியின் நடுவில் வந்து நின்றது.

தங்கை அளவு நாடாவும் பாகைமானியும் எடுத்துவந்தாள். "சமபக்க முக்கோணம்னா அறுபது டிகிரி. நீ வெச்சிருக்கறது அம்பத்திரண்டு" என்று நாற்காலியை நகர்த்தினாள். அது இன்னும் நன்றாக வழியை அடைத்துக்கொண்டது. ஆனால் கணக்கு சரியாக வந்த பிறகு அவளால் அதை எதிர்த்துப் பேச முடியவில்லை. அன்றிலிருந்து சமையலறைக்கு ஒருக்களித்து நடந்துதான் போனோம்.

முதலில் போனிலிருந்தே ஸ்டீரியோவில் போட்டுப் பார்த்தேன். ஏதோ ஒரு வாத்தியம், அது எதுவென்று அதற்கே முடிவாகாத மாதிரி, நீளமாக இழுத்தது. மேலே ஒரு பெண் தேன் போன்ற ஆங்கிலத்தில், தோள்களைத் தளர விடுங்கள், உலகம் விலகிப் போகட்டும் என்றாள். நான் தளர விட்டேன். உலகமும் இரண்டு அங்குலம் விலகியது. அந்த நொடியில் ஒரு ஆண் குரல், அந்த இடுப்புயர ஸ்பீக்கரிலிருந்து, இடித்தாலும் இடியாத சிமெண்ட் என்று இடித்தது. நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். வீட்டு மெஷினில் அளந்தபோது காலையில் இருந்ததைவிடப் பன்னிரண்டு புள்ளி கூடியிருந்தது.

விளம்பரம் இல்லாத அமைதி வேண்டுமென்றால் சிடிதான் என்று தம்பி சொன்னான். கரியாஹாட் கடைத்தெருவுக்குப் போனேன். மேம்பாலத்துக்கு அருகே புடவைக் கடைகளுக்கு நடுவில், இப்போது போன் உறை விற்கும் ஒரு கடையில், பின்பக்கம் இரண்டு அலமாரி சிடி இன்னும் இருந்தது. கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "என்ன கஷ்டம் தீதி?" என்றார்.

"பிரஷர்."

"பிரஷருக்குக் கடல். தூக்கம் வரலைன்னா மழை. மூட்டுவலிக்குத் திபெத் கிண்ணம்." எடுத்து எடுத்து மேஜையில் வைத்தார். முகத்தில் சிரிப்பே இல்லை.

"சர்க்கரைக்கு?" என்று சும்மா கேட்டேன்.

"புல்லாங்குழல். ஆனா வெறும் வயித்துல கேட்கணும்."

எனக்குப் பின்னால் துணிப்பையோடு நின்ற ஒரு அம்மாள், "மாமியார் பிரச்சினைக்கு ஏதாவது உண்டா?" என்றாள். "நீங்க கேட்கவா, அவங்க கேட்கவா?" என்று கடைக்காரர் விசாரித்தார். இரண்டும் வேறு வேறு என்பது அவர் குரலில் தெரிந்தது.

எல்லா உறைகளிலும் ஒரே படம்தான். கல் மேல் கல் மேல் கல், பின்னால் அஸ்தமிக்கும் சூரியன். சிலவற்றில் கல்லுக்குப் பதில் தாமரை. பின்பக்கம், இதைக் கேட்டபடி வாகனம் ஓட்டக் கூடாது என்று எச்சரிக்கை. கரியாஹாட் முனையில் யாரும் எதைக் கேட்டும் தூங்கிவிட முடியாது என்பது எச்சரித்தவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

ஒரு பை நிறைய வாங்கிவந்தேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, மழையில் ஆரம்பித்தேன். பங்குனி வெயில் கொளுத்தியது. மழைத் தட்டு சுழல ஆரம்பித்து இரண்டு நிமிஷத்தில், சமையலறையிலிருந்து தங்கை என் நாற்காலியை இடித்துக்கொண்டு பால்கனிக்கு ஓடினாள். கை நிறையத் துணியோடு திரும்பி வந்து நின்றாள்.

"வெயில் அடிக்கறது."

"ஆமாம்."

"காயாத துணியெல்லாம் எடுத்துண்டு வந்துட்டேன்."

திமிங்கலங்கள் பாடும் தட்டைப் போட்டபோது, "யாருக்கோ வயித்து வலி. கதவைத் திறந்து பாரு" என்றாள். கிண்ணங்களைப் போட்டபோது ஒன்றும் சொல்லவில்லை. பாத்திரக்காரன் வந்திருக்கிறான் என்று கீழே எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். எனக்கும், உண்மையைச் சொன்னால், எதுவும் பிடிக்கவில்லை. ஆனால் டாக்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. மாத்திரை கசக்கிறது என்று விட்டுவிடுகிறோமா?

செவ்வாய்க்கிழமை காலை, தங்கை பள்ளிக்குப் போன பிறகு, காட்டு ஓடை என்ற தட்டைப் போட்டேன். ஒரு மணி நேரமும் ஓடைதான். இது கொஞ்சம் பரவாயில்லை. தம்பியின் ஸ்பீக்கர்கள் நல்ல ஜாதி என்பது அப்போதுதான் புரிந்தது. தண்ணீர் இடது பக்கம் கல்லில் மோதி, என் மடியைத் தாண்டி, வலது பக்கம் சரிந்து ஓடியது. சத்தத்தைக் கூட்டினேன். இன்னும் கொஞ்சம் கூட்டினேன். கண்ணை மூடிக்கொண்டேன்.

அழைப்பு மணி விடாமல் அடித்தது. ஸ்டீரியோவை அணைத்துவிட்டுக் கதவைத் திறந்தேன். கீழ் ஃப்ளாட்காரர். சணல் கம்பெனி ஒன்றில் ஓய்வு பெற்றவர், எங்கள் கட்டடத்துக் கமிட்டியின் செயலாளர். எல்லோருக்கும் அவர் செக்ரெட்டரி தாதா, அதாவது செக்ரெட்டரி அண்ணன். பனியன், பைஜாமா, கையில் பம்பு அறைச் சாவி.

"தீதி! தண்ணி! சுவத்துக்குள்ள தண்ணி ஓடுது! என் தலைக்கு மேலயே கேட்குது!" பிறகு கையை உயர்த்தி, காதைக் கூர்மையாக்கினார். "நின்னுடுச்சு."

இந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் இவர் யார்? எந்த ராகத்தையும் இரண்டாவது ஸ்வரத்தில் பெயர் சொல்லுபவர். வங்காளத்தில் பிறந்த ஒவ்வொரு பாட்டையும் பற்றி அபிப்பிராயம் உடையவர். அவரிடம் போய், நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து தண்ணீர் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தேன் என்று எப்படிச் சொல்வது? தவிர, முப்பது வருஷத்தில் நான் பிறர் பிழையைத்தான் திருத்தியிருக்கிறேன்.

"ஆமாம் தாதா. எனக்கும் கேட்டது" என்றேன்.

அது பொய்யும் இல்லை.

அவர் ஓடிப்போய் பம்பை நிறுத்தினார். பிரதான வால்வை மூடினார். பதினாறு ஃப்ளாட்டுக்கும் தண்ணீர் நின்றது. சாயங்காலம் மாடிப்படி முழுக்க வாளிகள். தங்கை பள்ளியிலிருந்து வந்து அரை வாளியில் முகம் கழுவிக்கொண்டு, "எவன் பண்ணின வேலையோ" என்றாள். நான் அவளுக்குக் காபி போட்டுக் கொடுத்தேன்.

மறுநாள் அவசரக் கமிட்டிக் கூட்டம். டீயும், சமோசா போன்ற சிங்காராவும் வந்தன. அவை வராமல் அங்கே எந்த அவசரமும் தொடங்குவதில்லை. ஒருவர் கட்டடம் கட்டியவனைத் திட்டினார். ஒருவர் மெட்ரோ ரயில் அதிர்வு என்றார். கடைசியில் மூன்றாம் மாடிப் பெரியவர் ஒருவர் எழுந்து, "இது குளத்தைத் தூர்த்துக் கட்டின இடம். எனக்குத் தெரியும், நான் சின்ன வயசுல இங்கே நீந்தியிருக்கேன். குளம் திரும்பி வருது" என்றார்.

யாரோ ஒரு அம்மாள் "துர்கா, துர்கா" என்றாள். சிங்காராவைக் கடித்தவர்கள் மெல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

கூட்டக் குறிப்பை எழுதும்படி என்னிடம் கொடுத்திருந்தார்கள், என் ஆங்கிலத்தில் பிழை இருக்காது என்பதால். 'நிலத்தடி நீரோட்டத்தின் ஒலியை இரண்டாம் மாடி உறுதி செய்தது' என்று எழுதினேன். ஒரு கமாகூடத் தப்பில்லை.

சனிக்கிழமை காலை குழாய் மிஸ்திரி வந்தார். செக்ரெட்டரி தாதாவின் குளியலறையில் சுவரோடு காதை ஒட்டவைத்துக்கொண்டு நின்றார். ஒன்றும் கேட்கவில்லை. சத்தம் எத்தனை மணிக்கு வந்தது என்று என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். பதினோரு மணி வாக்கில் என்றேன். பதினொன்று வரை காத்திருப்பதாக முடிவாயிற்று. எதற்கும் இருக்கட்டும் என்று மிஸ்திரி அதற்குள் இரண்டு டைல்களை உடைத்து வைத்தார். நானும் அங்கேயே, முகத்தில் கவலையை வைத்துக்கொண்டு நின்றேன். ஓடை இனி ஓடாது, பத்து நாளில் எல்லோரும் மறந்துவிடுவார்கள் என்பது என் திட்டம்.

தங்கைக்கு அன்று விடுமுறை என்பது என் திட்டத்தில் இல்லை. தனியாக இருந்தவளுக்கு, இவள் அப்படி என்னதான் கேட்கிறாள் என்று பார்க்கத் தோன்றியிருக்கிறது. பிளேயருக்குள் இருந்த தட்டு அப்படியே இருந்தது. சத்தம் வைக்கிற திருகும் நான் விட்டிருந்த இடத்திலேயே இருந்தது.

தலைக்கு மேலே ஓடை பாய்ந்தது.

"பாவா கேச்சே!" என்று மிஸ்திரி கத்தினார். கிடைத்துவிட்டது! சுத்தியலோடு மாடிப்படியில் அவர் முன்னால் ஓட, பின்னால் செக்ரெட்டரி தாதா, அவர் பின்னால் வாசல் காவல் பார்க்கும் தர்வான், எல்லோருக்கும் பின்னால் நான். கதவு சாத்தியிருக்கவில்லை. உள்ளே, சமையலறை வழியை அடைத்துக்கொண்டு, முக்கோணத்தின் மூன்றாவது முனையில் தங்கை உட்கார்ந்திருந்தாள். ஹால் முழுக்கத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. தரை ஒரு சொட்டு ஈரமில்லாமல் காய்ந்து கிடந்தது.

செக்ரெட்டரி தாதா ஸ்பீக்கரைப் பார்த்தார். தங்கையைப் பார்த்தார். அந்தச் சமயத்தில் வலது ஸ்பீக்கரில் ஒரு குயில் கூவியது.

"பறவையா?" என்றார்.

"ஆமாம் தாதா. இன்னும் கொஞ்ச நேரத்துல தவளையும் வரும் போலிருக்கு, பின்னாடி போட்டிருக்கு" என்று தங்கை பெங்காலியில் உறையைப் பார்த்துச் சொன்னாள். "அக்காவோட மருந்து இது. தண்ணி ஓடற சத்தம்..." என்றவள் நிறுத்தி, என் பக்கம் திரும்பினாள். டீச்சர்கள் கடைசி பெஞ்சைப் பார்க்கிற பார்வை. "அடிப்பாவி!" என்றாள், தமிழில்.

மிஸ்திரி மட்டும் கடமை தவறாமல் குனிந்து ஸ்பீக்கரில் காதை வைத்தார். "இங்கேதான். சந்தேகமே இல்லை" என்றார். தன் காது பொய் சொல்லவில்லை என்பதில் அவருக்கு ஒரு நிம்மதி.

எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். முப்பது வருஷத்தில் முதல் தடவை. பழக்கமில்லாமல் நெடுந்தூரம் நடந்த மாதிரி இருந்தது. குறிப்பைத் திருத்தி எழுதி எல்லா ஃப்ளாட்டுக்கும் அனுப்பிவிடுகிறேன் என்றேன்.

செக்ரெட்டரி தாதா தன் கையிலிருந்த பம்பு அறைச் சாவியைப் பார்த்தார். நான்கு நாள் பதினாறு ஃப்ளாட்டுக்குத் தண்ணீரை நிறுத்தியது யார் கை என்று அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். மிஸ்திரியையும் தர்வானையும் டீ குடித்துவிட்டு வரும்படி கீழே அனுப்பினார்.

"எதுக்குத் தீதி திருத்தணும்? குறை கண்டுபிடிக்கப்பட்டு உடனே சரிசெய்யப்பட்டது. இதுல என்ன தப்பு?"

பார்த்தேன். இலக்கணப்படி ஒன்றும் தப்பில்லை. அப்படியே எழுதினேன். மத்தியானம் குழாயில் தண்ணீர் வந்தது. அடுத்த வாரம் வங்காளப் புத்தாண்டு விழாவில், குளத்தைத் திரும்பிப் போகச் செய்ததற்காகச் செக்ரெட்டரி தாதாவுக்கு உத்தரீயம் போர்த்தினார்கள். பூங்கொத்து கொடுக்க என்னைக் கூப்பிட்டார்கள். கொடுத்தேன். மிஸ்திரியும் தர்வானும் முன்வரிசையில் உட்கார்ந்து கை தட்டினார்கள்.

அதற்குப் பிறகு அவர் வாரத்துக்கு மூன்று நாள் சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தார். முதல் நாள் அதைப் பரிசோதனை என்றார். நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு தட்டாகக் கேட்டார், ஒவ்வொன்றின் மேலும் பேசினார். "இதுக்கு ஆரம்பம் இல்லை, நடு இல்லை, முடிவு இல்லை. இது சங்கீதமா? இது நம்ம கமிட்டி." புல்லாங்குழலுக்குப் பத்து நிமிஷம் பேசினார். கடலுக்கு அரை மணி. டாக்டர் எழுதிய அமைதியில் எனக்கு ஒரு துளிகூடக் கிடைக்கவில்லை. மாத்திரைகள் மட்டும் பாவம் தனியாக வேலை செய்துகொண்டிருந்தன.

வைகாசியில் ஒருநாள், மீதி இருந்த தட்டுகளில் மலைக்காற்று என்று எழுதியிருந்ததைப் போட்டேன். உறை ஒன்று, உள்ளே இருந்தது வேறு. தட்டின் மேல் பெயரே அச்சாகவில்லை, ஒரு எண் மட்டும். காற்று வரவில்லை. ஒரு பியானோ ஒரே ஒரு ஸ்வரத்தைத் தொட்டது. தொட்டுவிட்டுக் காத்திருந்தது. அது முழுக்கக் கரைந்து போன பிறகு, அவசரமே இல்லாமல், இன்னொன்று. அடியில் வயலினைவிடக் கனமான ஏதோ ஒரு தந்தி வாத்தியம், மூச்சு இழுத்து விடுகிற மாதிரி. தண்ணீர் இல்லை, பறவை இல்லை, தோளைத் தளர விடச் சொல்ல யாரும் இல்லை.

அன்று நான் நாற்காலியில்கூட இல்லை. அது செக்ரெட்டரி தாதாவிடம் இருந்தது. நான் சோபா ஓரத்தில் மாத்திரை டப்பாவோடு உட்கார்ந்திருந்தேன். ஸ்பீக்கர்கள் இருக்கிற இடம் தெரியவில்லை. சத்தம் அந்த இரண்டு பெட்டியிலிருந்து வராமல், ஜன்னலுக்கும் சுவர்க் கடிகாரத்துக்கும் நடுவே, வெறும் காற்றிலிருந்து வந்தது. தங்கை விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவள், சிவப்புப் பேனாவை ஒரு பையனின் தப்பான விடைக்கு மேலே பிடித்தபடியே நிறுத்தியிருந்தாள். செக்ரெட்டரி தாதா வாயைத் திறந்து, மூடிக்கொண்டார். பன்னிரண்டு நிமிஷம் ஒரு வங்காளிப் பெரியவர் அபிப்பிராயம் சொல்லாமல் உட்கார்ந்திருந்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன், அதனால் தெரியும்.

எனக்கு என்ன ஆயிற்று என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. எத்தனையோ வருஷமாக எந்தக் காகிதத்தைப் பார்த்தாலும், கடைப் பலகையைப் பார்த்தாலும், கல்யாணப் பத்திரிகையைப் பார்த்தாலும் என் கண் முதலில் பிழையைத்தான் தேடும். நல்லதைத் தேடி அது பழகவே இல்லை. அன்று அந்தப் பன்னிரண்டு நிமிஷமும் நான் எதையும் தேடவில்லை. ஒரு ஸ்வரம் வந்தது, அது போதுமாக இருந்தது. கண்ணில் நீர் வந்ததைத் தங்கை பார்த்துவிட்டாள். நல்லவேளை, கேலி செய்யவில்லை.

பாட்டு முடிந்ததும் செக்ரெட்டரி தாதா எழுந்தார். "மீதியை நாளைக்குப் பேசலாம்" என்றார், என்னவோ அதுவரை பேசிக்கொண்டிருந்த மாதிரி. செருப்பைப் போட்டுக்கொள்ளாமலேயே கீழே போய்விட்டு, திரும்பி வந்து போட்டுக்கொண்டார்.

வாசித்தது யார் என்று இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை. தம்பியைப் போனில் கேட்க வைத்தேன். அவனுக்கும் தெரியவில்லை. ஆனால் அந்த மாதிரி மெதுவான, காத்திருக்கத் தெரிந்த பியானோத் தட்டுகள் நான்கைந்து சொன்னான், அனுப்பியும் வைத்தான். அவற்றில் இரண்டு தேறின. தூரத்தில் ஒரு பெண் வார்த்தையே இல்லாமல் முனகுகிற தட்டு ஒன்றும் எங்களிடம் சேர்ந்திருக்கிறது. கேட்கக் கேட்கத்தான் பிடிக்கும். முதல் வாரம் எனக்கே கொட்டாவி வந்தது. பையில் இருந்த மற்றதையெல்லாம் மூன்றாம் மாடிப் பெரியவருக்குக் கொடுத்துவிட்டேன். அவருக்குக் குளத்துச் சத்தம் பிடிக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை தங்கை சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஸ்டீரியோ அணைந்திருந்தது. அந்தப் பெண்ணின் முனகல் மட்டும் கேட்டது, கொஞ்சம் சுருதி விலகி, அதே இடத்தில் நின்று, அதே இடத்தில் இறங்கி. மெதுவாக எட்டிப் பார்த்தேன்.

"பாடறியா?"

கத்தி நின்றது. "பாடறேனா? நானா?" என்றாள். "மூச்சு விட்டேன்."